நான் குச்சியைப் பிடிக்கவில்லை

தோல் உறை போட்ட ஒரு விரல் என் முகத்துக்கு நேரே நீண்டது.

“இவன்தான் சார்! குச்சியைக் கெட்டியாப் பிடிச்சிக்கிட்டான். விடவே மாட்டேன்னுட்டான். ரெண்டு பேரும் போயிருப்போம் சார்!”

கத்தியவர் ராஜகோபால். விமானம் ஓட்டத் தெரிந்தவர். அடுத்தவர்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வாத்தியார் வேலைக்காகப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தவர். சக்கரம் நின்றதும் நிற்காததுமாக முன் சீட்டிலிருந்து குதித்து, இறக்கை ஓரம் நின்றுகொண்டு என்னைக் காட்டினார்.

நான் பின் சீட்டில் இருந்தேன். இடுப்பு வாரைக்கூட அவிழ்க்கவில்லை. இரண்டு கைகளாலும் ஒரு பால்பவுடர் டின்னை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தேன். காலையில் தின்ற நாஷ்டா முழுக்க அதற்குள்தான் இருந்தது.

“சார், என் கையில டின்னு இருந்துச்சி சார்,” என்றேன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். “டின்னைப் பிடிச்ச கை குச்சியைப் பிடிக்காதா?” என்றார் ஒருவர். அதற்கும் ஒரு சிரிப்பு.

பிள்ளைகளா, போன வாரம் நான் ஏரி மீன் திருட்டைப் பற்றி எழுதியதைப் படித்து நீங்கள் உருண்டு உருண்டு சிரித்ததாக உங்கள் அம்மா சொன்னாள். இந்த வாரம் அவ்வளவு சிரிப்பு இருக்காது. எனக்குக் கோபம் ஆறவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் அந்த விரலை நினைத்தால் சோறு இறங்க மாட்டேன் என்கிறது. ஆறவில்லை என்பதில் எனக்கு வெட்கமும் இல்லை.

மூட்டைக்குப் பதில் ஆள்

நம்ம மாகறல் பக்கம் விமானம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

பெரிய யுத்தம் நடந்தபோது வெள்ளைக்காரன் உத்திரமேரூருக்கு இந்தப்பக்கம் மேட்டு நிலத்தில் செம்மண்ணை இறுக்கி ஒரு ஓடுபாதை போட்டான். யுத்தம் முடிந்தது, அவனும் போனான், அதில் ஆடுகள் மேய்ந்தன. சுதந்திரம் வந்து, முதல் எலெக்ஷனும் முடிந்த பிறகு, பட்டணத்துப் பறக்கும் பள்ளி ஒன்று அதைக் குத்தகைக்கு எடுத்தது. கூரை வேய்ந்த ஒரு கொட்டகை, இரட்டை இறக்கை வைத்த இரண்டு விமானங்கள், வாலாஜாபாத் ஸ்டேஷனிலிருந்து வண்டியில் வரும் பெட்ரோல் பீப்பாய்கள். அவ்வளவுதான் பள்ளி.

அங்கே படிக்க வந்தவர்கள் எல்லாரும் ஏற்கெனவே பைலட்டுகள். படித்தது ஒரே பாடம். விமானம் தலைகுப்புறப் போய், பம்பரம்போல் சுழன்று கீழே விழும்போது அதை எப்படி மீட்பது என்று அடுத்தவனுக்குக் கற்றுக்கொடுப்பது எப்படி? இதுதான் பாடம். அந்தச் சுழற்சிக்கு அவர்கள் ஸ்பின் என்பார்கள். நாங்கள் ராட்டினம் என்போம்.

அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க ஒருவர் இருந்தார். வெள்ளை மீசை, காக்கி அரை டிராயர். யுத்தத்தில் ஓட்டியவர். அவரைப் பெரிய வாத்தியார் என்றும், படிக்க வந்தவர்களைச் சின்ன வாத்தியார்கள் என்றும் எங்கள் காலனியில் சொல்வோம்.

எங்கள் காலனி ஆட்கள் பத்துப் பதினைந்து பேருக்கு அங்கே வேலை. புல் வெட்டுவது, பாதைக்குத் தண்ணீர் தெளிப்பது, பெட்ரோல் ஊற்றுவது. நெல் அறுக்கப் போனால் மிராசுதாரின் கணக்குப்பிள்ளை நாயைக் கூப்பிடுவதுபோல் கூப்பிடுவான். இங்கே அது இல்லை. பெரிய வாத்தியார் எல்லாரையும் ஒரே மாதிரிதான் திட்டுவார். அதுவே எங்களுக்குப் பெரிய மரியாதையாக இருந்தது.

அந்த விமானத்தில் வாத்தியார் முன்னால் உட்கார வேண்டும், மாணவன் பின்னால். விமானத்தை ஓட்ட இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு குச்சி, ஆளுக்கு ஒரு ஜோடிக் கால்மிதி. ஒருவர் அசைத்தால் மற்றவருடையதும் அசையும். பின் சீட்டு காலியாக இருந்தால் முன்பக்கம் கனத்துப்போகும். அதனால் சின்ன வாத்தியார் தனியாகப் பழகும்போது பின்னால் ஒரு மணல் மூட்டையைக் கட்டுவார்கள்.

ஒருநாள் அந்த மூட்டை வானத்தில் அவிழ்ந்து சரிந்து குச்சியின்மேல் சாய்ந்துவிட்டது. ஓட்டியவர் எப்படியோ இறங்கிவிட்டார். உடனே பெரிய வாத்தியார், “மூட்டை வேண்டாம். மூட்டை ‘யெஸ் சார்’னு சொல்லவும் சொல்லாது. கொஞ்சம் இங்கிலீஷ் புரியிற ஆளா ஒருத்தனைப் பிடி,” என்றார்.

மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை போனவன் எங்கள் கூட்டத்தில் நான் ஒருவன்தான். என்னை உத்திரமேரூர் நெல் மண்டிக்குக் கூட்டிப்போய்த் தராசில் ஏற்றினார்கள். இந்தத் தட்டில் நான், அந்தத் தட்டில் அதே மணல் மூட்டை. மண்டிக்காரர், “இன்னா ரகம் இது? கிச்சிலி சம்பாவா?” என்று என் முதுகில் தட்டினார். முள் நேராக நின்றது. எனக்கு வேலை கிடைத்தது.

அன்றிலிருந்து என் பெயர் மூட்டை. “மூட்டை எங்கே? மூட்டையை ஏத்து.” ஏழுமலை என்று அங்கே யாரும் கூப்பிட்டதில்லை. நானும் சிரித்துக்கொண்டுதான் ஏறினேன். காலனியில் பிறந்தவன் மேகத்துக்கு மேலே போகிறான். மூட்டை என்றால் என்ன, முருங்கைக்காய் என்றால் என்ன?

எனக்குக் கொடுத்த உத்தரவு ரொம்பச் சின்னது. கையைக் குச்சியில் வைக்காதே. காலை மிதியில் வைக்காதே. கேட்டால் யெஸ் சார் சொல். வாந்தி வந்தால் டின்னில் எடு. வெளியே எடுத்தால் நீதான் கழுவ வேண்டும்.

நாற்காலிப் பாடம்

பறக்கும் முன் தரையில் பாடம் நடக்கும். கொட்டகை நிழலில் இரண்டு நாற்காலிகளை ஒன்றின் பின் ஒன்றாகப் போடுவார்கள். முன் நாற்காலியில் சின்ன வாத்தியார். கால்மிதிக்கு இரண்டு செங்கல், குச்சிக்கு ஒரு மண்வெட்டிக் காம்பு. பின் நாற்காலியில் மாணவனாக நான்.

அவர் காம்பை ஆட்டிக்கொண்டே எனக்குப் பாடம் சொல்ல வேண்டும். கையும் வாயும் ஒன்றாகப் போக வேண்டும். இங்கிலீஷில்தான் சொல்வார்கள், ஆனால் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. இஞ்சினைத் தணி. எந்தப்பக்கம் சுற்றுகிறது பார். எதிர்ப்பக்கக் காலை முழுக்க மிதி. சற்றுப் பொறு. குச்சியை முன்னே தள்ளு. இதோ, சுழற்சி நின்றது. காலை நடுவுக்குக் கொண்டுவா. மெல்ல இழு. மேலே வந்துவிட்டோம்.

பெரிய வாத்தியார் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு நடப்பார், பாட்டு வாத்தியார் மாதிரி. யாராவது திக்கினால் நின்றுவிடுவார். “மறுபடி. முதல்லருந்து.” திக்காமல், இழுக்காமல், ஒரே ஓட்டத்தில் சொல்பவருக்குத்தான் அவரிடம் நல்ல பெயர். மாணவன் பயந்து கிடக்கும்போது வாத்தியார் குரல் தடுமாறக் கூடாது என்பது அவர் கட்சி. நியாயம்தான்.

எல்லாரிலும் ராஜகோபால் கெட்டிக்காரர். தண்ணீர் ஊற்றியதுபோல் சொல்வார். “அடடா, கேளுங்கய்யா, இதுதான் பாடம்!” என்று பெரிய வாத்தியார் மற்றவர்களைக் கூப்பிட்டுக் கேட்க வைப்பார்.

இன்னொரு பாடமும் இருந்தது. விழுவதற்கு முன்னாலேயே விமானம் சொல்லிவிடுமாம். மூக்கு மேலே தூக்கி நிற்கும். இறக்கைக் கம்பிகளில் விஸ் என்று கேட்கிற காற்றுச் சத்தம் அடங்கிப்போகும். குச்சி கஞ்சிபோல் தளர்ந்துவிடும். உடம்பெல்லாம் ஒரு நடுக்கம் ஓடும். அப்போதே மூக்கைத் தாழ்த்திவிட்டால் விழவே விழாது. இதை மாணவனுக்குப் பத்துத் தரம் காட்டச் சொல்லுவார் பெரிய வாத்தியார். ஆனால் சின்ன வாத்தியார்கள் இதை அவசரமாக ஓட்டிவிட்டு ராட்டினத்துக்குப் போய்விடுவார்கள். விழாமல் இருப்பதில் என்ன வீரம்? விழுந்து எழுந்து காட்டினால்தானே வீரம்? பின் சீட்டில் உட்கார்ந்திருப்பவனைக் கேட்டிருந்தால் நான் முதல் பாடமே போதும் என்றுதான் சொல்லியிருப்பேன். மூட்டையை யார் கேட்கிறார்கள்?

ஏரி சுற்றிய காலை

அன்று காலை ராஜகோபாலுக்குக் கடைசிப் பரீட்சைக்கு முந்தின பயிற்சி. என்னை ஏற்றினார்கள். காதில் பேசும் குழாயை மாட்டினார்கள். அது ஒரு ரப்பர்க் குழாய். முன்னால் அவர் பேசினால் என் காதில் கேட்கும்.

மேலே போனோம். வடக்கே செய்யாற்று மணல் வெள்ளை வேட்டி காயப்போட்டதுபோல் கிடந்தது. நேர் கீழே உத்திரமேரூர் ஏரி, நிறைய தண்ணீர். சத்தம் அடங்கியது. நடுக்கம் வந்தது. ஒருபக்கமாகச் சாய்ந்தோம். ஏரி சுற்ற ஆரம்பித்தது.

நான் டின்னைக் கட்டிக்கொண்டேன்.

குழாயில் பாடம் வந்தது. அழகாக, தடங்கல் இல்லாமல் வந்தது. எதிர்ப்பக்கக் கால். சற்றுப் பொறு. குச்சி முன்னே. இதோ, சுழற்சி நின்றது.

நிற்கவில்லை. ஏரி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

காலை நடுவுக்குக் கொண்டுவா. மெல்ல இழு. மேலே வந்துவிட்டோம், என்றது குழாய். நாங்கள் கீழே போய்க்கொண்டிருந்தோம்.

அப்புறம் ஒரு நொடி குழாயில் மூச்சு மட்டும் கேட்டது. மறுபடியும் பாடம் ஆரம்பித்தது. நடுவிலிருந்து இல்லை, முதலிலிருந்து. இஞ்சினைத் தணி. எந்தப்பக்கம் சுற்றுகிறது பார். அதே வேகம், அதே ராகம். இதோ, சுழற்சி நின்றது என்று மறுபடியும் சொன்னார். இப்போது ஏரிக்கரைமேல் போகிற மாட்டு வண்டி எனக்குத் தெரிந்தது. மாட்டின் கொம்பு தெரிந்தது.

“ஐயோ அம்மா!” என்று குழாயில் ஒரு அலறல். பாடம் போய்விட்டது. வார்த்தையே இல்லை. அழுகை மாதிரி ஒரு சத்தம். என் காலடியில் இருந்த மிதி ஒருபக்கமாகப் போய் அப்படியே நின்றது, திரும்பி வரவில்லை. குச்சி எனக்கு முன்னால் தானாகச் சாய்ந்தது. என் முழங்காலில் இடித்தது. அதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். என் கை டின்னில்.

ஏரி நின்றது. பனைமர உயரத்தில் கரையைத் தாண்டினோம்.

இறங்கியதும் நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

இப்போது நிதானமாக யோசித்தால் ராஜகோபால் வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் அதை நம்பினார். பாடத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னேனே, சொன்னபடி செய்தேனே, ஆனாலும் நிற்கவில்லை என்றால் என்ன காரணம்? பாடம் தப்பாக இருக்காது. நான் தப்பாக இருக்க மாட்டேன். அப்போது பின்னால் இருக்கிறவன்தான். அவன் எந்த ஊர், எந்தத் தெரு என்று தெரிந்த பிறகு சந்தேகம் எதற்கு? இப்படித்தான் போயிருக்கும் அவர் புத்தி. பொய் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

ஊர் வாய்

மறுநாள் வேலைக்குப் போன எங்கள் ஆட்களை வாட்ச்மேன் நிறுத்திவிட்டான். “காலனி ஆளுங்கோ யாரும் உள்ள வரக்கூடாதுன்னு உத்தரவு.” புல் வெட்டுகிறவன், தண்ணீர் தெளிக்கிற பெண்கள், எல்லாரும் வெளியே. குச்சியைப் பிடித்தது நான் ஒருவன். அதுவும் பிடிக்காதவன்! தண்டனை தெருவுக்கே.

பெட்ரோல் ஊற்றும் பச்சையப்பன் என் கூட்டாளி. சின்ன வயதிலிருந்து ஒரே தட்டில் தின்றவன். அன்று சாயங்காலம் வாசலில் வந்து நின்றான், உள்ளே வரவில்லை.

“நெசத்தச் சொல்லு ஏழுமல. புட்ச்சியா இல்லியா?”

“நீயுமாடா கேக்கற?”

“பயத்துல புட்ச்சிருந்தாலும் தப்பு இல்லடா. சொல்லிடு. நாங்க போயி கால்ல கீல வுழுந்து மன்னிப்புக் கேட்டுக்கறோம்.”

“புடிக்காததுக்கு இன்னாத்துக்குடா மன்னிப்பு?”

அவன் திரும்பி நடந்தான். அவன் நம்பவில்லை என்பது அவன் முதுகிலேயே தெரிந்தது.

டீக்கடையில் எங்களுக்குத் தனி கிளாஸ் வைத்திருந்த காலம் அது. அந்த கிளாஸை நீட்டிக்கொண்டே கடைக்காரர், “இன்னாப்பா பைலட்டு, கெட்டியா புட்ச்சிக்கோ, வுட்டுடப் போற,” என்றார். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

உங்கள் அம்மாவுக்கும் எனக்கும் கல்யாணமாகி அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நடவு வரிசையில் குனிந்து நிற்கும்போது பக்கத்து வரிசைக்காரிகள் பாட்டாகவே கட்டிவிட்டார்களாம். வீட்டுக்கு வந்து கூடையை எறிந்தாள்.

“இன்னாயா இது பேஜாரு? ஊரே பேசிக்கினு கீது. ஆபீசரக் கொல்லப் பாத்தவன் பொஞ்சாதின்னு என்னைக் கூப்புடறாளுங்கோ.”

“நான் புடிக்கல.”

“எனக்குத் தெரியாதா? வாந்தி வந்தா நீ எதையும் புடிக்க மாட்ட, சொவத்தக்கூட. போன மாசம் வூட்டுல வாந்தி எடுத்தப்ப பாத்தனே. அத்த எங்கிட்ட சொல்லி இன்னா புண்ணியம்? அந்த மீசைக்காரன் கிட்ட போயி சொல்லு.”

அந்த ஊரில் என்னை நம்பியது அவள் ஒருத்திதான். அதற்கும் காரணம் என் வாந்தி.

பெரிய வாத்தியார் ஏறினார்

கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றேன். பெரிய வாத்தியாரின் ஜீப் வந்ததும் நடுவில் போய் நின்றுவிட்டேன்.

“ஏய் மூட்டை! சாகணுமா உனக்கு?”

“சார், என் ரெண்டு கையையும் பின்னால கட்டுங்க. அதே சார் கூட, அதே பாடத்துக்கு என்னை மறுபடி ஏத்துங்க. எறங்கி வந்தா அப்புறம் பேசுவோம். வரலைன்னா யாரு புடிச்சதுன்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.”

அவர் இறங்கினார். என்னை அடிக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அடிக்கவில்லை. மீசையைக் கடித்தார்.

“அவன் பாடத்தை முழுசாச் சொன்னானா?”

“ரெண்டு தரம் சொன்னாரு சார். முழுசா. ரெண்டு தரமும் நின்னுடுச்சின்னு சொன்னாரு. நிக்கல.”

“அப்புறம் எப்ப நின்னுது?”

“பாடம் மறந்துபோயி, அம்மான்னு கத்தினாரு சார். அப்ப நின்னுது.”

அவர் முகம் மாறியது. ஜீப்பில் ஏறி விர்ரென்று உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் விமானம் கிளம்பியது. ராஜகோபால் முன்னால், பின்னால் என் இடத்தில் பெரிய வாத்தியார். வேலை இல்லாமல் நின்ற எங்கள் ஆட்களும் நானும் வேலிக்கு வெளியே நின்று அண்ணாந்து பார்த்தோம். ராட்டினம் ஆரம்பித்தது. சுற்றியது, சுற்றியது, நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. பிறகுதான் நின்றது. பச்சையப்பன் என் கையைப் பிடித்தான். நான் உதறிவிட்டேன்.

இறங்கி வந்ததும் பெரிய வாத்தியார் சின்ன வாத்தியார்களை எல்லாம் இறக்கை நிழலில் கூட்டினார். வேலிக்கு இந்தப்பக்கம் எங்களுக்கே கேட்டது, அவ்வளவு சத்தம்.

“நாற்காலி சுத்துமாய்யா? சுத்தாது! அதனால நாற்காலியில எப்பச் சொன்னாலும் நின்னுடுச்சு. மேலே விமானம் ஒரு நாள் சீக்கிரம் நிக்கும், ஒரு நாள் லேட்டா நிக்கும். இவன் கண்ணால பார்த்துச் சொல்லலை. பாட்டு அந்த வரிக்கு வந்துடுச்சு, சொல்லிட்டான். சொன்னதும் காலை எடுத்துட்டான். கை வாய்க்குக் கீழ்ப்படியுது. தரையைப் பார்க்கவே இல்லை. இப்படி நீங்க கத்துக் கொடுத்தா உங்ககிட்டக் கத்துக்கிறவன் எல்லாம் செத்துப்போவான்! இனிமே நின்னதைப் பார்க்காம நின்னுதுன்னு எவனாவது சொன்னா அவனை நான் வாத்தியாரா அனுப்ப மாட்டேன். திக்கினாலும் பரவாயில்லை. வாயை மூடிக்கிட்டு முதல்ல பார்!”

அப்படித் திக்காமல் சொல்லச் சொன்னது யார்? கண்ணை மூடிக்கொண்டு கேட்டது யார்? அதை யாரும் கேட்கவில்லை.

அன்றே எங்கள் ஆட்களை உள்ளே விட்டார்கள். பெரிய வாத்தியார் என்னைக் கூப்பிட்டார்.

“நீ பிடிக்கலை. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நாளையிலருந்து வா.”

“சார், அத்த ஊர்ல வந்து சொல்லுங்க.”

“என்னது?”

“என் பேரு கெட்டது ஊர்ல சார். நாலு பேரு எதிர்ல சொல்லுங்க, போதும்.”

“இதோ பார். அவன் நல்ல குடும்பத்துப் பையன். இது வெளியே போனா அவனுக்கு எங்கேயும் வேலை கிடைக்காது. நான் திருத்திடறேன் அவனை. விட்டுடு.”

“எனக்குக் குடும்பம் இல்லியா சார்?”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். போய்விட்டார்.

நீங்களே சொல்லுங்கள் பிள்ளைகளா. தப்பைக் கண்டுபிடித்தார். பாடத்தைத் திருத்தினார். எத்தனையோ பேர் உயிரைக் காப்பாற்றியிருப்பார், அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் என்மேல் போட்ட பழியை மட்டும் அப்படியே விட்டுவிட்டார். அதை எடுப்பதற்கு ஒரு வாய் வார்த்தை போதும். அந்த வார்த்தைக்குத்தான் அவருக்கு மனசு வரவில்லை.

நான் அப்புறம் விமானத்தில் ஏறவில்லை. பச்சையப்பனோடு பெட்ரோல் ஊற்றினேன்.

ஒரு கூலி ஆள்

மழைக்காலம் போய் அடுத்த கூட்டம் படிக்க வந்தது. ராஜகோபால் தேறிப்போய் வடக்கே எங்கேயோ வாத்தியாராகிவிட்டார். நாற்காலிகள் மறுபடி வந்தன. ஆனால் பாடம் இப்போது வேறு மாதிரி இருந்தது. பெரிய வாத்தியார் முன் நாற்காலிக்காரரின் எதிரில் நின்று, ஒரு துண்டைச் சுற்றிக் காட்டுவார். துண்டு நின்ற பிறகுதான் ‘நின்றது’ என்று சொல்ல வேண்டும். ஒருநாள் சீக்கிரம் நிறுத்துவார், ஒருநாள் நிறுத்தவே மாட்டார். நல்ல பாடம். இதை நான் மனசாரச் சொல்கிறேன்.

ஒருநாள் காலை பெட்ரோல் டின்னோடு அந்தப்பக்கம் போனேன். அவர் வேறொன்று சொல்லிக்கொண்டிருந்தார். பயந்துபோன மாணவன் குச்சியை இறுக்கிப் பிடித்துக்கொண்டால் வாத்தியார் என்ன செய்ய வேண்டும் என்று.

“இங்கேயே நடந்திருக்கு. பின் சீட்டுல ஒரு கூலி ஆள். ஸ்பின்ல பயந்து குச்சியை இறுக்கிப் பிடிச்சிட்டான். விடவே இல்லை. ரெண்டு பேரும் மயிரிழையிலதான் தப்பிச்சாங்க. அதனால மாணவன் கை எங்கே இருக்குன்னு கண்ணாடியில பார்த்துக்கிட்டே...”

டின்னோடு அங்கேயே நின்றுவிட்டேன்.

பொய் என்று தெரிந்தவர். தானே ஏறிப் பார்த்தவர். ஆனாலும் அவருக்கு ஒரு உதாரணம் தேவைப்பட்டது, நான் கைக்குச் சுலபமாகக் கிடைத்தேன். இந்தக் கூட்டம் இதைப் படித்துக்கொண்டு போகும். ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுக்கும். என்னைப் பார்த்தே இராத பையன்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நான் செத்த பிறகும் வானத்தில் நான் குச்சியைப் பிடித்துக்கொண்டே இருப்பேன்.

பெட்ரோல் டின்னைக் கீழே வைத்தேன்.

“அந்தக் கூலி ஆள் நான்தான் சார். நான் புடிக்கல.”

எல்லாரும் திரும்பினார்கள். பச்சையப்பன் தூரத்திலிருந்து, “டேய், வாடா, வந்துடுடா,” என்று பல்லைக் கடித்தான்.

“போய் வேலையைப் பார்,” என்றார் பெரிய வாத்தியார்.

“போறேன் சார். புடிக்கலன்னு சொல்லுங்க, போறேன்.”

முன் நாற்காலியில் ஒரு புதுச் சின்ன வாத்தியார் உட்கார்ந்திருந்தார். சின்னப் பிள்ளை முகம். கையில் மண்வெட்டிக் காம்பைப் பிடித்தபடி வெகுளியாகக் கேட்டார்: “பிடிச்சாரா சார், இல்லையா? எனக்குத் தெரியணுமே. பிடிக்கலைன்னா அப்ப ஏன் நிக்கலை?”

பெரிய வாத்தியார் அந்தப் பிள்ளையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தன் பாடத்தில் தானே திக்கினார்.

“பிடிக்கலை,” என்றார். “ஓட்டினவன் பார்க்காமலே காலை எடுத்துட்டான். அதான் நிக்கலை.”

“என் பேரச் சொல்லிச் சொல்லுங்க சார்.”

“உன் பேர் என்ன?”

பாருங்கள். இத்தனை நாள் சோறு போட்ட வேலை, இத்தனை பழி. என் பெயர் அவருக்குத் தெரியாது.

“ஏழுமலை.”

“ஏழுமலை பிடிக்கலை. போதுமா?”

“போதும் சார்.”

“அப்ப நாளையிலருந்து வராதே.”

பெட்ரோல் டின்னை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பினேன். அந்தப் புதுப் பையன் நாற்காலியிலிருந்து எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெரிய வாத்தியார் கையைக் காட்டியதும் உட்கார்ந்துவிட்டார். பச்சையப்பன் வேலி வரைக்கும் கூட வந்தான். தலைமுண்டாசை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டே வந்தான்.

மாகறலுக்கு நடந்தே போனேன். உங்கள் அம்மா வாசலில் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

“இன்னா, பொழுது சாயறதுக்கு முன்ன வந்துட்ட?”

“வேல பூட்ச்சி.”

அரிவாள் நின்றது. “ஏன்?”

“புடிக்கலன்னு சொல்லிட்டாரு. எல்லார் எதிர்லயும். என் பேரச் சொல்லிச் சொன்னாரு.”

“பச்சை இருந்தானா?”

“இருந்தான். கேட்டான்.”

வேலை போனதற்கு அழுவாளோ என்று பார்த்தேன். எழுந்தாள். புடவையை இழுத்துச் செருகினாள். தெரு நடுவில் போய் நின்றுகொண்டு, நடவு வரிசையில் பாட்டுக் கட்டிய அத்தனை பேர் வீட்டையும் ஒன்றுவிடாமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

“ஏ கன்னிம்மா! ஏ தனபாக்கியம்! வெளிய வாங்கடீ! எம் புருசன் புடிக்கலியாம்! மீசைக்காரன் சொல்லிட்டானாம்! இப்ப பாடுங்கடீ பாக்கலாம்!”

கதவுகள் திறந்தன. யாரும் பாடவில்லை.